சாத்தனூர் கல்மரமும் ஒரு மாணவனின் கேள்வியும்

இந்தப் பக்கத்தில் இதுவரை ரஞ்சன்குடி கோட்டை, நம் பக்கத்துப் பழைய பஸ் தடங்கள், மாவட்டம் பிரிந்த கதை என்று பலதும் எழுதிவிட்டேன். "சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி எழுதவே இல்லையே, நீங்கள் சயின்ஸ் வாத்தியார்தானே?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தள்ளிப் போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்த மரத்தின் முன்னால் நின்றுகொண்டு ஒரு மாணவனுக்கு நான் தவறான பதில் சொன்னேன். அதைச் சொல்லாமல் கல்மரத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அது 1979. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1995இல். அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருடமே மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. செல் பிரிதலைப் பாடம் நடத்தியவனுக்கு இதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வரும். எந்த செல்லும் பிரிந்த மறு வருடம் ஒட்டிக்கொள்வதில்லை.

நான் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பள்ளியில் இருந்தது ஒரே ஒரு நுண்ணோக்கி. உயிரணுப் பாடம் வந்தால் வெங்காயம்தான் துணை. நம் பக்கத்தில் வெங்காயத்துக்கா பஞ்சம்? செட்டிகுளம் பக்கத்துப் பையன் ஒருவன் சட்டைப் பை நிறைய சின்ன வெங்காயம் கொண்டுவந்து கொட்டினான். ஒரு வெங்காயத்தை உரித்து, செதிலின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய தோலைக் கிள்ளி எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, முதலுதவிப் பெட்டியில் இருந்த டிங்சர் அயோடினில் ஒரு சொட்டு விட்டேன். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். செங்கல் அடுக்கியது போல அறை அறையாகத் தெரியும். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு புள்ளி. அதுதான் உட்கரு என்றேன். "உயிர் உள்ள எல்லாம் இந்த அறைகளால் ஆனது. நீயும் நானும் வெளியே நிற்கும் வேப்பமரமும்" என்று முடித்தேன். நல்ல பாடம் நடத்திவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட.

இரண்டு வாரம் கழித்துச் சாத்தனூருக்குப் பயணம். பாடாலூர் வரை பஸ், அங்கிருந்து டிராக்டர் டிரெய்லர். ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம். இன்றைக்கு இருப்பது போன்ற வசதிகள் அப்போது அங்கே இல்லை. வெயிலில், ஓடைப் பள்ளத்தில், அறுபது அடி நீளத்துக்கு ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. கிட்டப் போய்த் தொட்டால் கல். பிள்ளைகள் தட்டிப் பார்த்தார்கள், கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒரு பையன் கேட்டான். தச்சு வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன்.

"சார், இந்த மரம் நின்னுக்கிட்டு இருந்தப்ப இது உள்ள இருந்த செல்லெல்லாம் உசுரோடதான் இருந்துச்சா?"

"என்னடா கேள்வி இது? மரத்துக்கு உயிர் இருந்தா செல்லுக்கும் உயிர் இருக்கும்ல?"

"இல்ல சார், எங்க தெரு புளியமரம் உள்ள பூராவும் பொந்து. ஆளே உள்ள போயி நிக்கலாம். ஆனாலும் வருசா வருசம் காய்க்குது. உள்ள இருந்ததெல்லாம் உசுரா இருந்தா, அது போனப்புறம் மரம் எப்படி சார் இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது விலங்கியல். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பொந்தும் கல்லும் ஒண்ணா? பேசாம வரிசையில நில்லு" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அதன் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

திரும்பும் வழியில் வரகூர்ப் பக்கம் வண்டி நின்றபோது ஓடையில் கிடந்த கல்மரத் துண்டு ஒன்றை, உள்ளங்கை அளவு இருக்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வரகூர், ஆனைப்பாடி பக்கமெல்லாம் அப்படிச் சிறிதும் பெரிதுமாகக் கல்மரங்கள் உண்டு. அந்தத் துண்டு முப்பது வருடம் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்பட்டது. எடுத்து வந்தது தவறு என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

மரம் கல்லான விதம்

சாத்தனூர் மரத்தை 1940இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1951இல் அந்தத் துறையின் இயக்குநர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். நிலவியல் படித்த பிள்ளைகள் எல்லாம் இந்தியாவின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தைச் சுமந்தவர்கள்தான். மரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். பூக்காத, ஊசியிலை வகை மரம். வேம்பும் புளியும் மாவும் இல்லாத காலத்தில் நின்ற மரம்.

அந்தக் காலத்தில் கடல் கிழக்கிலிருந்து உள்ளே ஏறி நம் பக்கம் வரை வந்து நின்றது. மேற்கே இருந்த நிலத்தில் வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தன. சேறு சீக்கிரம் மூடியதால் காற்று புகவில்லை. காற்று இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை, மரம் மக்காது. பிறகு மணலிலும் கூழாங்கல்லிலும் இருக்கிற சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறியது. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் படிந்தது, உள்ளே இருந்த வெற்றிடத்தையும் நிரப்பியது. மரப்பொருள் மெல்ல மெல்லப் போக, அந்த இடத்தில் கல் நின்றது. அவசரமே இல்லாமல் செல் செல்லாக நடந்த வேலை. அதனால்தான் நல்ல கல்மரத்தில் உருவம் மட்டுமல்ல, உள்ளே இருந்த செல் சுவர்களின் வரிசையும் கலையாமல் இருக்கும். இலையும் காயும் கிடைக்காமலேயே ஒரு கல்மரம் எந்த வகை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இந்தச் செல் அமைப்பை வைத்துத்தான்.

கண்ணாடியில் ஒரு கீற்று

2006இல் ஓய்வு பெற்றேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தும் உறவுக்காரப் பையன் வீட்டுக்கு வந்தான். மேசையில் இருந்த கல்லைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஒரு ஓரத்தை அறுத்துப் பார்க்கட்டுமா?" என்று வாங்கிக்கொண்டு போனான். கல்லை மெல்லிய துண்டாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு தடிமன் வரும் வரை தேய்ப்பார்களாம். அந்த அளவுக்குத் தேய்த்தால் கல்லுக்குள்ளும் வெளிச்சம் ஊடுருவும். ஒரு நாள் என்னைக் கூட்டிப் போய் நுண்ணோக்கியில் காட்டினான்.

பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. 1979இல் வெங்காயத் தோலில் காட்டிய அதே அறைகள். வரிசை பிசகாமல், தேன்கூட்டைக் குறுக்கே வெட்டியது போல. "எல்லாம் ஒரே மாதிரி அறைகள் மாமா, பெரிய குழாய் ஒண்ணுகூட இல்ல பாருங்க. அதான் ஊசியிலை மரம்" என்றான். நான் பழக்கதோஷத்தில் ஒவ்வோர் அறைக்குள்ளும் புள்ளியைத் தேடினேன். "உட்கரு எங்கேப்பா? கல்லாகும்போது போயிடுச்சா?" என்று கேட்டேன்.

அவன் சாதாரணமாகச் சொன்னான்: "கல்லாகும்போது இல்ல மாமா. மரம் பச்சையா நிக்கும்போதே போயிருக்கும். இந்தச் செல்லெல்லாம் செத்தப்புறம்தானே வேலையையே ஆரம்பிக்கும்."

எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

மரத் தண்டில் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அங்கே செல்கள் ஓயாமல் பிரிகின்றன. வெளிப்பக்கம் போகும் செல்கள் பட்டையாகவும், இலை தயாரித்த உணவைக் கீழே கொண்டு செல்லும் ஃபுளோயமாகவும் ஆகின்றன. உள்பக்கம் போகும் செல்கள்தான் நாம் மரம் என்று சொல்லும் கட்டை, அதாவது சைலம். ஊசியிலை மரத்தின் கட்டையில் பத்துக்கு ஒன்பது பங்கு ட்ரக்கீடு என்ற ஒரே வகைச் செல். சில மில்லிமீட்டர் நீளம், தலைமுடி அளவுகூட இல்லாத அகலம்.

பிறந்ததும் ட்ரக்கீடு உயிருள்ள செல்தான். உட்கரு உண்டு, சைட்டோபிளாசம் உண்டு, எல்லாம் உண்டு. முதலில் நீளுகிறது. பிறகு தன் சுவருக்கு உள்ளே இன்னொரு தடித்த சுவரைக் கட்டுகிறது. செல்லுலோஸ் இழைகள், அவற்றைச் சேர்த்து இறுக்கும் லிக்னின். பக்கத்துச் செல்லுக்குத் தண்ணீர் போகச் சிறு குழிகளை விட்டுக் கட்டுகிறது. கட்டி முடிந்ததும் தனக்குள் இருப்பதைத் தானே கரைத்துவிட்டுச் சாகிறது. விபத்தில் வரும் சாவு அல்ல, அதன் வேலைத் திட்டத்திலேயே உள்ள சாவு. உள்ளே ஏதாவது இருந்தால் தண்ணீர் ஏற முடியாது. காலியான பிறகே அது வேரிலிருந்து உச்சி இலை வரை நீரை ஏற்றும் குழாய். அதே சுவர்தான் மரத்தை நிமிர்த்தி நிறுத்துவதும்.

புளியமரம் பூக்கும் தாவரம். அதன் கட்டையில் அகன்ற குழாய்ச் செல்களும் நார்ச் செல்களும் உண்டு, ஆனால் சங்கதி ஒன்றுதான். பட்டையை ஒட்டிய புதுக் கட்டையில் நீர் ஏறும், உணவைச் சேமிக்கும் உயிருள்ள செல்களும் கொஞ்சம் கலந்திருக்கும். உள்ளே போகப் போக அதுவும் நின்று வைரம் பாய்ந்துவிடும். வைரம் பாய்ந்த பகுதியில் உயிருள்ள செல்லே கிடையாது. அது கரையானுக்குப் போனாலும், பொந்து விழுந்தாலும், பட்டையும் கேம்பியமும் சுற்றிலும் இருக்கும் புதுக் கட்டையும் இருந்தால் மரம் தழைக்கும், காய்க்கும். மாறாக, உள்ளே வைரம் முழுசாக இருந்தாலும் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் காய்ந்துபோகும். இது நம் கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தச்சர் வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய எனக்குத்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

லண்டனில் பார்த்த வெற்று அறைகள்

இதைப் படிக்கும்போது இன்னொரு செய்தியும் கிடைத்தது. செல்லை முதலில் பார்த்து அந்தப் பெயர் வைத்தவர் ராபர்ட் ஹூக், 1665இல், பாட்டில் மூடி செய்யும் தக்கையில் என்று முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அதே புத்தகத்தில் தக்கைக்கு முந்தைய பகுதியில் அவர் எதைப் பற்றி எழுதியிருக்கிறார் தெரியுமா? கல்மரம்! 17ஆவது பகுதி கல்மரம், 18ஆவது பகுதி தக்கை. கல்மரத் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, மரத்தில் இருக்கும் அதே நுண்துளைகள் அதே வரிசையில் இருப்பதைக் கண்டார். இது மண்ணுக்குள் தானாக விளைந்த விசித்திரக் கல் அல்ல, ஒரு காலத்தில் நிஜ மரம், கல்துகள் கலந்த நீரில் ஊறிக் கல்லானது என்று முடிவு செய்தார். புதைபடிவங்கள் எல்லாம் இயற்கையின் விளையாட்டு என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

அடுத்து தக்கையைச் சீவி வைத்தார். அறை அறையாகத் தெரிந்தது. மடத்துத் துறவிகளின் சிற்றறைக்கு உள்ள 'செல்' என்ற பெயரை அதற்கு வைத்தார். ஒரு கன அங்குலத்தில் 125,97,12,000 அறைகள் என்று கணக்கும் போட்டார். ஆனால் தக்கை என்பதும் மரப்பட்டையில் செத்த செல்கள்தான். மனிதன் முதலில் பார்த்துப் பெயர் வைத்த செல்லே காலியான அறை. பெயரே அறை என்றுதான் இருக்கிறது, உள்ளே குடியிருந்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

குடியிருந்தவரைக் கண்டுகொள்ள இன்னும் நூற்றெழுபது வருடம் பிடித்தது. ராபர்ட் பிரௌன் 1831இல் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் தெரிந்த புள்ளிக்கு உட்கரு என்று பெயர் வைத்தார். அதே 1831இல்தான், எடின்பரோவில் வில்லியம் நிக்கல் கல்மரங்களை மெல்லிய கீற்றாகத் தேய்த்துப் பார்த்த முறையை ஹென்றி விதம் என்பவர் புத்தகமாக வெளியிட்டார். உறவுக்காரப் பையன் என் துண்டைத் தேய்த்தானே, அந்த வித்தைதான். பிறகு 1838இல் ஷ்லைடன், எல்லாச் செடியும் செல்களால் ஆனது என்றார். அடுத்த வருடமே ஷ்வான், விலங்குகளும் அப்படித்தான் என்றார். செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்பதை 1850களில் விர்கோ வலியுறுத்தினார். செல்லின் உள்ளே இருக்கும் கொழகொழப்பான பொருளுக்குப் புரோட்டோபிளாசம் என்று பெயர் வந்து, உயிர் இருப்பது சுவரில் அல்ல, உள்ளே என்பது மெல்ல நிலைபெற்றது.

என் வகுப்பில் நான் காட்டிய வெங்காயத் தோல் உயிருள்ள செல். சாத்தனூரில் காட்டியது சுவர். இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட்டேன். வித்தியாசம் இருக்கிறது என்று அந்தப் பையன் மோப்பம் பிடித்துவிட்டான்.

அரியலூர்ச் சுண்ணாம்பும் சுவர்தான்

அரியலூர் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் பக்கத்துக் கதையும் இதேதான். நம் பகுதிப் பாறைகளை 1850களின் கடைசியில் அளந்து, 1862இல் விரிவாக எழுதியவர் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காக அவர் பிரித்த பெயர்களை உலகெங்கும் நிலவியல்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் வெளிநாட்டுப் புத்தகங்களில் வருவதற்கு இந்தக் கல்தான் காரணம்.

அந்தப் பாறைகளில் அம்மோனைட் போன்ற பெரிய சுருள் ஓடுகள் எல்லார் கண்ணிலும் படும். கண்ணில் படாதவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஃபொராமினிஃபெரா என்ற கடல் உயிருக்கு உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல். அந்த ஒரு செல் தனக்கென்று ஓடு கட்டிக்கொள்கிறது, பல இனங்களில் அது சுண்ணாம்பு ஓடு. செல் செத்த பிறகு ஓடு கடலடியில் சேர்கிறது. எந்த அடுக்கு எந்தக் காலம் என்று கணிக்க இந்த ஓடுகள்தான் ஆய்வாளர்களுக்கு நாள்காட்டி. நின்னியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை இதே போல மெல்லியதாகத் தேய்த்துப் பார்த்து, அதில் சுண்ணாம்புப் பாசிகள் இருப்பதை 1936இல் எழுதினார்கள் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியர் எல். ராமராவும் வியன்னாவைச் சேர்ந்த யூலியஸ் பியாவும். இப்படிப்பட்ட பாசிகளில் ஒரு வகை, தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொள்ளும். கல்லைத் தேய்த்தால் அந்தச் சுவர்கள் சல்லடை போலத் தெரியும்.

அந்தச் சுண்ணாம்புக் கல் சிமென்ட் ஆகி நம் வீட்டுச் சுவராக நிற்கிறது. என்றோ ஒரு கடலில் செல்கள் தங்களுக்குக் கட்டிய சுவரை உடைத்துப் பொடியாக்கி நமக்குச் சுவர் கட்டிக்கொண்டோம். இதை யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. வீடு வேண்டும், கல் வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் யாராவது ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டால் நல்லது.

உற்றுப் பார்ப்பதற்காகவே வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. இந்தியாவின் கல்மரங்களையும் பழந்தாவரப் படிவங்களையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பேராசிரியர் பீர்பால் சாஹ்னி. லக்னோவில் தன் ஆய்வு நிறுவனத்துக்குப் புதைபடிவங்களைப் பதித்தே அடிக்கல் செய்தார். 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அதை நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி காலமானார். கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. நிறுவனம் இன்றும் அவர் பெயரில் வேலை செய்கிறது.

இனி என் பாக்கி. வரகூர் ஓடையில் எடுத்த அந்தக் கல், ஓரம் அறுத்தது போக, இன்னும் என்னிடம் இருக்கிறது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியிருக்கிறேன். வாங்கிக்கொள்வார்களோ, "இதை ஏன் சார் எடுத்தீங்க?" என்று கேட்பார்களோ, இரண்டுக்கும் தயார். சாத்தனூர் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சில்லுகூட எடுக்காதீர்கள். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்த மாணவனின் பெயரை நான் எழுதவில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. 1979இல் ஒன்பதாம் வகுப்பு என்றால் இப்போது அவருக்கும் அறுபது ஆகியிருக்கும், தாத்தாவாகக்கூட இருக்கலாம். என் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள் என்பதால் அவருக்குச் சேரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தம்பி, அன்றைக்கு நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்த மரம் நின்றுகொண்டிருந்தபோது அதன் கட்டையில் பெரும்பகுதி செல்கள் ஏற்கெனவே செத்துத்தான் இருந்தன. செத்த பிறகுதான் அவை மரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோயின. உங்கள் தெருப் புளியமரம் பொந்தோடு காய்த்ததும் அதனால்தான். எனக்கு அன்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாததுதான் என் தப்பு.